பெங்களூரில் ஒரு கணைய மாற்று மதிப்பீட்டு கிளினிக்: ஐம்பதைத் தாண்டியவருக்கு அருமை, இருபதுகளில் இருப்பவருக்கு அரைகுறை

சர்க்கரை நோயில் சிறுநீரகம் போனவர்களுக்குக் கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றும் ஆஸ்பத்திரிகள் பெங்களூரில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றின் மதிப்பீட்டு கிளினிக்கைப் பற்றியது இந்த விமர்சனம். அறுவையைப் பற்றியது அல்ல. ஒருவரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கலாமா, எப்போது, எந்த வகை மாற்று என்று முடிவு செய்யும் சேவை எப்படி நடக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. இந்தச் சிகிச்சையில் எல்லாமே டீமைப் பொறுத்தது. இரண்டு டாக்டர்கள் இடம் மாறினால் பழைய விமர்சனம் செல்லாக்காசு. எதைப் பார்த்து எடை போடுவது என்று தெரிந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் குடும்பங்களானாலும் சரி, அல்சூர், ஸ்ரீராமபுரம் வீடுகளானாலும் சரி, முதலில் கேட்பது ஒன்றுதான்: "இந்த வயசுக்கு எடுப்பாங்களா?" அதனால் வயதை இந்த கிளினிக் எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்தே மொத்த மதிப்பீடும்.

முதலில் ரிசப்ஷன். அங்கே கொடுக்கும் மடிப்புத் தாளில் "18 முதல் 50 வயது வரை" என்று அச்சடித்திருக்கிறது. போனில் கேட்டாலும் "அம்பதுக்கு மேல இல்லீங்க" என்றுதான் பதில். உள்ளே டாக்டர்கள் அப்படி நினைப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களையும் வரச்சொல்லிப் பார்க்கிறார்கள், பரிசோதனையில் தேறினால் எடுக்கவும் செய்கிறார்கள். அந்தத் தாள் பழைய காலத்து எச்சம். ஒரு காலத்தில் பல மையங்கள் 45 அல்லது 50-ல் கோடு போட்டிருந்தன. பிறகு ஐம்பது கடந்தவர்களுக்கும் செய்து பார்த்ததில், ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கணையம் இளையவர்களிடம் ஓடுகிற அளவுக்கே ஓடுகிறது என்று தெரிந்தது. கோடு பல இடங்களில் நகர்ந்துவிட்டது, தாள் நகரவில்லை. இந்த ஒரு தாளைப் பார்த்து எத்தனை ஊர் டாக்டர்கள் நோயாளியை அனுப்பாமலே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொரு விஷயம் உண்டு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பதிவு செய்ய 65 வயது என்று இருந்த மேல் வரம்பை 2023 பிப்ரவரியில் மத்திய அரசு எடுத்துவிட்டது. அது பதிவுக்கான விதி. அறுவையைத் தாங்குவாரா என்பதை ஆஸ்பத்திரிதான் முடிவு செய்யும். "சட்டமே எடுத்தாச்சே, ஏன் மறுக்கறீங்க" என்று வாதாடிப் பயனில்லை. ரிசப்ஷனில் வயதைச் சொல்லி அனுமதி கேட்பதிலும் பயனில்லை. மாற்று ஒருங்கிணைப்பாளருக்கு ரிப்போர்ட்டுகளை மின்னஞ்சலில் அனுப்பி நேரம் வாங்குங்கள். இங்கே ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசுகிறார். நம்மவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, வயது உண்மையில் எதை மாற்றுகிறது? வயதானவரிடம் கணையம் சீக்கிரம் பழுதாகும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. நடப்பது அதுவல்ல. வயது ஏற ஏற உடம்பின் எதிர்ப்பு தணிகிறது. அந்நிய உறுப்பை நிராகரிக்கும் வேகம் குறைகிறது. ஐம்பதுகளில் இருப்பவருக்கு நிராகரிப்பால் கணையம் போவது குறைவு. அவரிடம் கணையம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆள் மாரடைப்பிலோ, தொற்றிலோ, புற்றுநோயிலோ போய்விடுவது கூடுதல். இருபதுகளில் இருப்பவரிடம் இது தலைகீழ்: ஆள் திடமாக இருப்பார், கணையம்தான் நிராகரிப்பில் போகும். ஆக, இரண்டு வயதுக்கும் இரண்டு வேறு மதிப்பீடு வேண்டும். இந்த கிளினிக் முதலாவதைப் பிரமாதமாகச் செய்கிறது. இரண்டாவதைச் செய்யவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

நல்லதை முதலில் பார்ப்போம். பிறந்த தேதியைவிட, சர்க்கரை நோயோடு எத்தனை வருடம், டயாலிசிஸில் எத்தனை மாதம் என்பதைத்தான் இங்கே முதலில் எழுதிக்கொள்கிறார்கள். சரியான வழக்கம். பத்து வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்த நாற்பது வயதுக்காரரின் ரத்தக்குழாய், முப்பத்தைந்தில் நோய் வந்த ஐம்பத்து மூன்று வயதுக்காரரின் குழாயைவிட மோசமாக இருக்கலாம்.

இதயப் பரிசோதனையில் சமரசமே இல்லை. நீண்டநாள் சர்க்கரையில் நரம்பு செத்திருப்பதால் நெஞ்சுவலி தெரியாமலே அடைப்பு இருக்கும். "எனக்கு ஒண்ணும் வலியில்லையே" என்பதை யாரும் ஏற்பதில்லை. பாதம் மரத்தவரால் டிரெட்மில்லில் ஓட முடியாது, பாதியில் நிறுத்திய டிரெட்மில் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமும் இல்லை. அதனால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் மருந்து ஏற்றி எக்கோ எடுக்கிறார்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டினாலோ, சர்க்கரை இருபத்தைந்து வருடத்தைத் தாண்டினாலோ நேராக ஆஞ்சியோகிராம். டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவருக்கு ஆஞ்சியோ சாயம் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லி, சாயத்தின் அளவைக் குறைத்து, நெப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) கையெழுத்தோடுதான் செய்கிறார்கள். அடைப்பு இருந்து ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாத மாத்திரைகளைச் சில மாதங்களுக்கு நிறுத்தமுடியாது, அறுவை அதுவரை தள்ளிப்போகும் என்பதையும் அன்றே சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் சேர்ந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை இதயத்தை மறுபடி பார்க்கவேண்டும். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்; இங்கே ஒருங்கிணைப்பாளரே போன் செய்து வரச்சொல்கிறார்.

அடுத்தது இடுப்புத் தமனி. புதுக் கணையத்தைப் பழையதன் இடத்தில் வைப்பதில்லை. பழையது அப்படியே இருக்கும். புதியதை அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்து இடுப்புத் தமனியோடு தைப்பார்கள், சிறுநீரகம் இடப்பக்கம் போகும். கணையத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் இரண்டு. கொடையாளியின் இடுப்புத் தமனி இரண்டாகப் பிரியும் பகுதியை எடுத்து, கவட்டை வடிவில் அந்த இரண்டோடும் மேசையிலேயே இணைத்து, ஒரே வாயாக்கி உள்ளே தைக்கிறார்கள். தைக்கிற இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கிளாம்ப் பிடிக்காது, ஊசி ஏறாது. இது தெரிய சாயம் இல்லாத சி.டி. ஸ்கேன் போதும்: தமனிச் சுவரில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். விட்டுவிட்டு இருக்கிறதா, வளையமாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வளையமாகச் சுற்றியிருந்தால் பெரும்பாலும் மறுப்புதான். இங்கே சர்ஜனே அந்தப் படத்தைத் திரையில் போட்டு, எந்த இடத்தில் தைக்கப்போகிறார், ஏன் முடியும், ஏன் முடியாது என்று குடும்பத்துக்குக் காட்டுகிறார். இந்தப் பத்து நிமிடத்துக்காகவே கிளினிக்குக்கு நல்ல மார்க் போடலாம். கணையத்தில் ரத்த ஓட்டம் இயல்பிலேயே மெதுவானது. ஆரம்ப நாட்களில் புதுக் கணையம் போவதற்கு முதல் காரணம் ரத்தம் உறைதல்தான், அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்தில். அப்போது வயிற்றை மறுபடி திறக்கவேண்டிவரும். அது அபூர்வமான விஷயமல்ல என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

வயதானவர்களுக்கு உடல்திறனும் பார்க்கிறார்கள். கைப்பிடி வலு, ஆறு நிமிட நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. தேறாதவரை உடனே தள்ளுவதில்லை. டயட்டீஷியன், பிசியோதெரபி என்று அனுப்பி மீண்டும் வரச்சொல்கிறார்கள். மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைகள் வயதுக்கேற்றபடி. காசநோய்க்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும். நம் ஊரில் இதை விடவே கூடாது. மாற்றுக்குப் பிறகு காசநோய் வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் அது, நிராகரிப்பைத் தடுக்கும் டேக்ரோலிமஸ் மருந்தின் அளவைச் சடாரென்று இறக்கிவிடும். ஒரு நோயைப் பார்க்கப்போய் உறுப்பையே இழக்கலாம்.

ஐம்பதைக் கடந்தவரிடம் இவர்கள் நேர்மையாகக் கேட்கும் இன்னொரு கேள்வி: "வீட்டில் சிறுநீரகம் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?" இருந்தால், மூளைச்சாவுக் கொடையாளியின் இரண்டு உறுப்புகளுக்காக டயாலிசிஸில் காத்திருப்பதைவிட, உறவினரின் சிறுநீரகத்தை முதலில் வாங்கிக்கொண்டு, கணையத்தைப் பிறகு பார்க்கலாம், அல்லது சர்க்கரை சென்சாரும் இன்சுலின் பம்பும் வைத்து இன்சுலினிலேயே ஓட்டலாம் என்கிறார்கள். அறுவை நடந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் என்ற நிலையில் இப்படிச் சொல்வது பெரிய விஷயம். ஐம்பத்தைந்து வயதுக்காரரின் அறுவை ஆபத்தை முப்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டு அர்த்தமில்லை. அதே ஐம்பத்தைந்து வயதுக்காரர் டயாலிசிஸிலேயே தொடர்ந்தால் என்ன ஆவார் என்பதோடுதான் ஒப்பிடவேண்டும்.

ஒரு சின்னக் குறை: சி-பெப்டைட். கணையம் தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் பரிசோதனை இது. டைப் 1-ஆ டைப் 2-ஆ என்று பிரிக்க உதவும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இது உடம்பிலேயே தேங்கி, உள்ளதைவிட உயர்வாகக் காட்டும். அதே ஊசியில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை அளவும் வேண்டும். தனியாக ஒரு எண் ஒன்றும் சொல்லாது. இங்கே லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை சில சமயம் விட்டுப்போகிறது. கேட்டு வாங்குங்கள். கணையத்தில் கல் உருவாகிச் சர்க்கரை வந்தவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. அவர்களுக்கு ஜீரண நொதியும் சுரப்பதில்லை. புதுக் கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்கும்போது அந்தக் குறையும் தீரும். அப்படிப்பட்டவர் முதல் சந்திப்பிலேயே பழைய ஸ்கேனைக் காட்டுவது நல்லது.

இனி இளைஞர்கள். இங்கேதான் இந்த கிளினிக் சறுக்குகிறது.

இருபத்தாறு வயதில் ஒருவர் வந்தால் இதயம் நன்று, தமனி நன்று, எடை நன்று. எல்லாக் கட்டத்திலும் டிக். "யங் பேஷண்ட், நோ ப்ராப்ளம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. இளமையில் உடம்பின் எதிர்ப்பு முழு வீச்சில் இருக்கும். மாத்திரை தவறுவதும் இந்த வயதில்தான் அதிகம். அதோடு, இந்த வயதில் வருகிறவர்களில் பலருக்குச் சிறுநீரகம் இன்னும் கெட்டிருக்காது. சர்க்கரை வந்து சிறுநீரகம் போக வழக்கமாகப் பதினைந்து, இருபது வருடமாவது ஆகும். இவர்கள் வருவது வேறு காரணத்துக்கு: சர்க்கரை தாழ்ந்துபோவது உணர்வுக்கே தெரியாமல் மயங்கி விழுவது. இவர்களுக்குக் கணையம் மட்டும் மாற்றுவார்கள்.

கணையம் மட்டும் மாற்றுவதில் இருக்கும் சிக்கலை இங்கே ஒருவரும் விளக்குவதில்லை. கணையமும் சிறுநீரகமும் ஒரே கொடையாளியிடமிருந்து வந்தால் நிராகரிப்பு பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே தாக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறினால் உடனே தெரிந்துவிடும். சிறுநீரகம் கணையத்துக்குக் காவல் மாதிரி. கணையம் மட்டும் என்றால் அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் லைபேஸ், அமைலேஸ் என்ற கணைய நொதிகள் ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சர்க்கரை ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் இன்சுலின் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். அதனால்தான் சேர்த்து மாற்றும்போது பத்தில் ஏறத்தாழ ஒன்பது கணையம் ஒரு வருடத்தைத் தாண்டுகிறது, தனியாக மாற்றும்போது அந்த விகிதம் இறங்குகிறது. எதிர்ப்பு வலுவான இளம் உடம்பு, அதில் காவல் இல்லாத கணையம்: இரண்டும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. இவருக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கிப் பேசவேண்டும். இங்கே கிடைப்பதோ நோயாளி வரிசையிலேயே குறைந்த நேரம்.

என்ன கேட்டிருக்கவேண்டும்? இன்சுலின் எத்தனை முறை தவறுகிறது என்று, அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டும். குளுக்கோமீட்டரின் நினைவகத்தைத் திறந்து ஒரு மாத அளவுகளைப் பார்க்கவேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு வருவது பாதி நேரம் முந்தின நாள் ராத்திரி எழுதியதாக இருக்கும். வேலை நேரத்தைக் கேட்கவேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும் வேலையில் இருப்பவர், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் டேக்ரோலிமஸ் போடுவது எப்படி? நைட் ஷிப்ட்டுக்கும் டே ஷிப்ட்டுக்கும் பொருந்துகிற இரண்டு நேரம் வேண்டும். காலை ஒன்பது, இரவு ஒன்பது பலருக்கு ஒத்துவரும். ரத்தப் பரிசோதனை அன்று காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போடவேண்டும். போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயர்வாகக் காட்டும், டோஸைக் குறைத்துவிடுவார்கள், நிராகரிப்பு ஆரம்பிக்கும். நாளுக்கு ஒருமுறை போடும் வகையும் இருக்கிறது. ஷிப்ட் ஆட்களுக்கு அது உதவும். ஆனால் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு, மருந்துக்கடைக்காரர் பேச்சில் மாறக்கூடாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இருமலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், ஏன் பம்ளிமாஸ் பழம்கூட அளவை ஏற்றும். வயிற்றுப்போக்கும் ஏற்றும். இதெல்லாம் அறுவைக்குப் பிறகு டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியாக வருகிறது. மதிப்பீட்டின்போதே பேசியிருக்கவேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மைகோபினோலேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி வேறு மருந்துக்கு மாறவேண்டும், அதுவும் மாற்று நடந்து ஒன்றிரண்டு வருடம் எல்லாம் நிதானமாக ஓடிய பிறகு. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதைச் சொல்லவேண்டிய இடம் மதிப்பீட்டு அறைதான். இங்கே மகப்பேறு மருத்துவர் டீமில் இல்லை. அம்மை தடுப்பூசிகளும் அப்படித்தான்: உயிருள்ள கிருமி கொண்டவை மாற்றுக்குப் பிறகு போடக்கூடாதவை, முன்பே போட்டு நான்கு வாரமாவது ஆகியிருக்கவேண்டும். இளையவர்களின் தடுப்பூசி அட்டையைக் கேட்கும் பழக்கம் இல்லை. நீங்களே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

வெற்றி விகிதம் கேட்டால் மொத்த எண்ணிக்கை சொல்கிறார்கள். வயதுவாரியாகப் பிரித்துச் சொல்வதில்லை. சொன்னாலும் பெரிய பயனில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கே பேர், நான்கு பேரும் நலம் என்றால் அதை நூறு சதவீதம் என்று எழுதுவது ஏமாற்று. அதைவிட இவற்றைக் கேளுங்கள்: கடைசி மூன்று வருடத்தில் எத்தனை கணையம், முதல் மாதத்தில் எத்தனை உறைந்து போயின, எத்தனை பேருக்கு மறுபடி வயிற்றைத் திறந்தீர்கள். முதல் இரண்டுக்கும் இங்கே நேர்பதில் வந்தது. மூன்றாவதுக்கு மழுப்பல்.

பதிவு விஷயம் சுருக்கமாக. கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதே என்ற மாநில உறுப்பு தான அமைப்பு வழியாகத்தான் பட்டியல். தமிழ்நாட்டு முகவரி ஆதாரோடு போனாலும் பதியலாம். இருப்பிடச் சான்று கேட்கும் வழக்கத்தை எடுத்துவிடும்படி 2023-ல் மத்திய அரசு மாநிலங்களிடம் சொல்லிவிட்டது. ஆனால் இங்கேயும், தமிழ்நாட்டு அமைப்பான டிரான்ஸ்டான் வழியாகச் சென்னையிலும் இரண்டு பதிவு வைக்க முடியாது. தூரத்தை யோசித்து முடிவெடுங்கள். கணையத்தை எடுத்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் மாலையில் நெரிசலான சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவது ஒரு தனிப் பயணம். சேலத்திலிருந்து நான்கு மணி நேரமாவது ஆகும். அழைப்பு வந்தால் எதில் வருவது, யார் கூட வருவது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கு அருகில் வீடு எடுத்துத் தங்கவேண்டியிருக்கும். ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை.

கட்டணத்தை இங்கே எழுதவில்லை, அடிக்கடி மாறுகிறது. பேக்கேஜில் எது இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். நிராகரிப்பைத் தடுக்க ஆரம்பத்தில் ஏற்றும் ஏ.டி.ஜி. ஊசி, மறு அறுவை, கூடுதல் ஐ.சி.யூ. நாட்கள், சி.எம்.வி. வைரஸுக்கு மூன்று முதல் ஆறு மாதம் போடும் வால்கான்சிக்ளோவிர், இந்த நான்கும் வழக்கமாக வெளியேதான் இருக்கும். வயதானவருக்கு ஐ.சி.யூ. நாட்கள் கூடலாம், இளையவருக்கு நிராகரிப்புச் சிகிச்சைச் செலவு கூடலாம். இரண்டுக்கும் ஒரே செலவு மதிப்பீட்டுத் தாளைக் கொடுக்கிறார்கள்.

எங்கள் மார்க்: நாற்பத்தைந்துக்கு மேல் ஐந்துக்கு நாலரை, முப்பதுக்குக் கீழ் ஐந்துக்கு இரண்டு. இடைப்பட்ட வயதுக்காரர் தாராளமாகப் போகலாம். போகும்போது முதல் எக்கோவிலிருந்து எல்லா ரிப்போர்ட்டும், டயாலிசிஸ் தொடங்கிய தேதி, ரத்தம் ஏற்றிய விவரம், பெண்களானால் கர்ப்பங்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதி எடுத்துப்போங்கள். கடைசி இரண்டும், அந்நிய உறுப்புக்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு வேண்டும். சி.டி. ஸ்கேனை பிலிமாகக் கொண்டுபோகாமல் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் தட்டாகவே (CD) கொண்டுபோங்கள், பிலிமில் அந்தச் சுண்ணாம்புக் கோடு சரியாகத் தெரியாது என்று திருப்பி எடுக்கச் சொல்வார்கள்.